730 நாட்களின் கணக்கு

ஓர் ஆண்டுக்கு 365 நாள். ஒரு வீட்டில் கணவன், மனைவி என இருவர் இருந்தால் அந்த வீட்டின் ஆண்டு 730 ஆள்-நாள். ஒருவர் நாளொன்றுக்கு 1 கிராம் குறைத்தால் ஆண்டு முடிவில் 365 கிராம்; இருவரும் குறைத்தால் 730 கிராம். தை பிறக்கும்போது வீடுகளில் எடுக்கப்படும் சின்னச் சின்னத் தீர்மானங்கள் எல்லாம் இந்தப் பெருக்கலை நம்பியே இருக்கின்றன. அந்தப் பெருக்கல் எந்தத் தீர்மானத்துக்கு எவ்வளவு தருகிறது, அதன் விலையை வீட்டில் யார் கொடுக்கிறார் என்பதை தருமபுரி மாவட்டம் ஏரியூரை வைத்துப் பார்க்கலாம்.

ஏரியூர் பென்னாகரம் வட்டத்தில் உள்ளது. மாவட்டத்தின் 10 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்று. முன்பு பென்னாகரம் ஒன்றியத்தோடு சேர்ந்திருந்தது. கீழே வருவது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை அல்ல. இருவர் கொண்ட ஒரு மாதிரி வீட்டைக் கணக்குக்காக எடுத்துக்கொண்டிருக்கிறேன். ரூபாயை அளக்கும் கோலாக நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25இல் அறிவிக்கப்பட்ட நாள் கூலி 319 ரூபாயை வைக்கிறேன். 2022-23இல் அது 281 ரூபாய், 2023-24இல் 294 ரூபாய், 2025-26இல் 336 ரூபாய். அறிவிப்பு இப்படி, செய்த வேலையை அளந்து தரும்போது கைக்கு வருவது குறையக்கூடும்.

முதல் தீர்மானம் தண்ணீர். இந்த மாவட்டத்தில் அதை முதலில் வைக்காமல் வேறெதையும் வைக்க முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். இந்த வரம்பைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லில் பழுப்புக் கறை படியும், பிறகு மூட்டும் முதுகெலும்பும் இறுகும். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரை ஒருவர் நாளுக்கு 3 லிட்டர் குடித்தால் உடலுக்குள் போவது 9 மில்லிகிராம். ஆண்டுக்கு 3.285 கிராம், இருவருக்கு 6.57 கிராம். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மட்டுமே உள்ள ஆற்று நீர் என்றால் இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1.095 கிராம். வேறுபாடு 5.475 கிராம். ஒரு தேக்கரண்டி அளவுதான். அந்த அளவுக்காகத்தான் இங்கே ஒரு பெருந்திட்டம் தேவைப்பட்டது.

1,928.80 கோடி ரூபாய் மதிப்பில், ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2013 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தில் 15,06,843 பேர், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 18,79,809 பேர். சேர்த்து 33,86,652 பேர். திட்ட மதிப்பை வகுத்தால் தலைக்குச் சுமார் 5,695 ரூபாய், ஒரு தம்பதிக்கு 11,391 ரூபாய். இதே இருவர் பொதுக் குழாய் இல்லாமல் 20 லிட்டர் கேன் வாங்கிக் குடித்தால் என்ன ஆகும்? குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 5 லிட்டர் என்று எடுத்தால் நாளுக்கு 10 லிட்டர், ஆண்டுக்கு 3,650 லிட்டர், அதாவது 182.5 கேன். கேன் 30 ரூபாய் என்று வைத்தால் 5,475 ரூபாய். அரசு ஒரு முறை போட்ட முதலீடு, கேன் விலையில் 2 ஆண்டு 1 மாதத்துக்குச் சமம். பராமரிப்புச் செலவு, மின்சாரம், கடன் வட்டி இதில் சேரவில்லை. சேர்த்தாலும் கணக்கு பொதுக் குழாயின் பக்கமே நிற்கும் என்று கருதுகிறேன்.

திட்டம் இருப்பதும் வீட்டுக் குடத்தில் அந்தத் தண்ணீர் இருப்பதும் ஒன்றல்ல. ஒரு தெருவில் ஒகேனக்கல் தண்ணீரும் வரும், போர் தண்ணீரும் வரும். குழாயில் முதலில் எது வருகிறதோ அதைக் குடத்தில் பிடித்து அடுப்படியில் வைப்பது வழக்கம். ஆகவே தீர்மானம் எளியது: குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர் மட்டும், அதற்குத் தனிக் குடம். ஊரகத்துக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு தலைக்கு நாளுக்கு 55 லிட்டர். இருவருக்கு ஆண்டுக்கு 40,150 லிட்டர். அதில் குடிக்கவும் சமைக்கவும் வேண்டியது 3,650 லிட்டர், 9.1 சதவீதம். மீதி 90.9 சதவீதத்துக்கு, அதாவது குளிக்க, துவைக்க, மாட்டுக்கு, பாத்திரத்துக்கு எந்த நீரை எடுப்பது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 11 குடத்தில் 1 குடத்தை மட்டும் கவனித்தால் போதும். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, மிஞ்சிய நீரில் ஃபுளோரைடின் அடர்வு கூடும். 1 லிட்டர் போர் தண்ணீரை முக்கால் லிட்டராகச் சுண்ட வைத்தால் லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்பது லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆகிவிடும்.

இந்த இடத்தில் இன்னொரு எண்ணையும் வைக்க வேண்டும். ஏரியூர் ஒன்றியத்தின் ஓரத்தில், நாகமரையில், மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு விரிகிறது. அங்கிருந்து பரிசலும் படகும் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடிக்குப் போகும். 1934இல் கட்டி முடிந்த அந்த அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி. 1 டிஎம்சி என்பது 2,831.7 கோடி லிட்டர். தருமபுரி மாவட்டத்தின் 2011 மக்கள்தொகை முழுவதுக்கும் தலைக்கு 55 லிட்டர் வீதம் ஓர் ஆண்டு கொடுக்க 3,025 கோடி லிட்டர், அதாவது 1.07 டிஎம்சி வேண்டும். அணையின் கொள்ளளவில் 1.1 சதவீதம். நீரின் அளவு இங்கே ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. மேட்டுக்கு ஏற்றுவதும், குழாய் போடுவதும், கடைசிக் குழாய் வரை அதைக் கொண்டுபோவதும்தான் 2013 வரை காத்திருக்க வைத்தன.

இரண்டாவது, களி. 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி ஆகிய 2 மாவட்டங்களில் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் முன்னோட்டமாகத் தொடங்கியது. மாதம் 2 கிலோ என்றால் ஆண்டுக்கு 24 கிலோ. 100 கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அரிசியில் சுமார் 10 மில்லிகிராம். 24 கிலோ கேழ்வரகில் 82.56 கிராம் கால்சியம். அதே எடை அரிசியில் 2.4 கிராம். 730 ஆள்-நாளுக்குப் பிரித்தால் கேழ்வரகிலிருந்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 113 மில்லிகிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வளர்ந்தவர்களுக்குப் பரிந்துரைத்தது 1,000 மில்லிகிராம். ஆக ரேஷன் கேழ்வரகு தேவையில் 11.3 சதவீதத்தைத் தருகிறது. ஃபுளோரைடு எலும்பைத் தாக்கும் ஊரில், கால்சியம் குறைந்த உடலில் அந்தத் தாக்குதல் கடுமையாக இருக்கும் என்பதால் இந்த 11.3 சதவீதம் வேறு மாவட்டத்து 11.3 சதவீதத்தைவிட எடை கூடியது.

இருவரும் நாளுக்கு ஆளுக்கு 100 கிராம் மாவு, அதாவது ஒரு வேளைக் களி என்று முடிவு செய்தால் ஆண்டுக்கு 73 கிலோ வேண்டும். ரேஷனில் 24 கிலோ, 33 சதவீதம். மீதி 49 கிலோவை வாங்க வேண்டும். கேழ்வரகுக்கு 2024-25இல் மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,290 ரூபாய். முந்தைய ஆண்டு 3,846 ரூபாய், அடுத்த ஆண்டு 4,886 ரூபாய். ஆதரவு விலையிலேயே கிடைத்தாலும் 49 கிலோவுக்கு 2,102 ரூபாய், 6.6 நாள் கூலி. சொந்தக் காட்டில் விளைகிறவர்களுக்கு இது கைச்செலவு இல்லை, விற்காமல் விட்ட பணம். ஏரியூர்ப் பக்கம் களி புதிதாகக் கற்க வேண்டிய உணவும் இல்லை. இலவச அரிசி வந்த பிறகு அடுப்பிலிருந்து பாதி இறங்கிப்போன உணவு. ஏற்றுவதற்கு இருவர் போதும்.

உப்பு, சர்க்கரை, மின்விசிறி மூன்றையும் விரைவாகக் கடக்கலாம். இந்தியர் ஒருவர் நாளுக்குச் சராசரியாக 8 கிராம் உப்பு சேர்ப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது: ஆண்கள் 8.9 கிராம், பெண்கள் 7.1 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 5 கிராம். ஒரு தம்பதியின் 16 கிராம் 10 கிராமாக இறங்கினால் ஆண்டுக்கு 2.19 கிலோ மிச்சம். கிலோ 25 ரூபாய் என்றால் 55 ரூபாய்கூட இல்லை. இரத்த அழுத்தத்தில் அதன் பலன் ரூபாயில் வராது. குறைக்க வேண்டிய உப்பு டப்பாவில் மட்டுமில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் கணக்கில் உண்டு. சர்க்கரை: நாளுக்கு 3 டீ, ஒவ்வொன்றிலும் 5 கிராம் குறைவு, இருவர், 365 நாள், 10.95 கிலோ. ரேஷன் விலை கிலோ 25 ரூபாயில் 273.75 ரூபாய். 75 வாட் மின்விசிறி ஆளில்லாத அறையில் நாளுக்கு 2 மணி நேரம் சுற்றாமல் நிறுத்தினால் ஆண்டுக்கு 54.75 யூனிட், 2024 ஜூலை கட்டணமான யூனிட்டுக்கு 4.80 ரூபாயில் 262.80 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச வரம்புக்குள் இருக்கும் வீட்டுக்கு இந்த மிச்சம் 0 ரூபாய். மூன்றையும் கூட்டினால் 591.30 ரூபாய். இரண்டு நாள் கூலிக்கும் குறைவு.

உப்பைப் பற்றி எழுதும்போது காந்தியும் கஸ்தூர்பாவும் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் கஸ்தூர்பாவின் உடல்நலத்துக்காக உப்பையும் பருப்பையும் விடும்படி காந்தி வற்புறுத்தினார். உங்களாலேயே விட முடியாது என்ற பதில் வந்ததும் அவர் அங்கேயே ஓர் ஆண்டுக்கு இரண்டையும் விட்டார், கஸ்தூர்பாவும் விட்டார். தன் வரலாற்றில் இதை அவர் எழுதியிருக்கிறார். ஒருவர் மற்றவருக்குச் சொன்ன அறிவுரையாக இருந்த வரை அது நடக்கவில்லை. 365 நாள் தீர்மானம் 730 ஆனபோது நடந்தது.

இதை ஒரு தம்பதியின் நிகழ்வாக மட்டும் விட வேண்டியதில்லை. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2015இல் இங்கிலாந்தில் 50 வயதைக் கடந்த 3,722 தம்பதிகளின் தரவை ஆராய்ந்தார்கள். மனைவி தொடர்ந்து புகைத்தபோது புகையை விட்ட கணவர்கள் 8 சதவீதம். மனைவியும் விட்டபோது 48 சதவீதம், 6 மடங்கு. பெண்களில் அதே எண்கள் 8, 50. உடல் உழைப்பைக் கூட்டிய ஆண்கள், மனைவி கூட்டாதபோது 26 சதவீதம், கூட்டியபோது 67 சதவீதம். பெண்களில் 24, 66. எடை குறைப்பில் இடைவெளி சுருங்குகிறது: ஆண்கள் 10, 26, பெண்கள் 15, 36. ஒரே வீட்டில் இருவரையும் ஒரே சூழ்நிலை மாற்றியிருக்கலாம், எனவே ஒருவர்தான் மற்றவரை மாற்றினார் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இங்கிலாந்து முதியவர்களின் எண்ணை ஏரியூருக்கு அப்படியே கொண்டுவரவும் முடியாது. ஆனால் 8க்கும் 48க்கும் இடையிலுள்ள தூரம் தற்செயலால் நிரம்பக்கூடியது அல்ல.

பட்டியலில் அடுத்தது மது. தேசியக் குடும்ப நல ஆய்வின் 5ஆம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 சதவீதத்தினர் மது அருந்துவதாகச் சொன்னார்கள், பெண்களில் 0.3 சதவீதத்தினர். ஆண்களில் 4 பேரில் ஒருவர். அப்படி ஒருவர் இருக்கும் வீட்டில் முழுக்க விட வேண்டும் என்ற தீர்மானத்தை இங்கே எடுக்கவில்லை, அது சின்னத் தீர்மானம் அல்ல, பலருக்கு மருத்துவ உதவியும் வேண்டும். வாரம் 1 குவார்ட்டர் குறைவு என்று மட்டும் வைப்போம். 2024 பிப்ரவரி 1 முதல் டாஸ்மாக்கில் சாதாரண ரக 180 மில்லி விலை 130 ரூபாயிலிருந்து 140 ரூபாய் ஆனது. 52 வாரத்துக்கு 7,280 ரூபாய். உப்பு, சர்க்கரை, மின்விசிறி மூன்றும் தந்த 591.30 ரூபாயைப் போல 12.3 மடங்கு. கூலியில் 22.8 நாள். நாளுக்குப் பிரித்தால் 19.95 ரூபாய்.

இந்த 22.8ஐ அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த வரிக்கு வரலாம். கணவன் வீட்டு வேலையில் நாளுக்கு 30 நிமிடம் கூடுதலாகச் செய்தால் ஆண்டுக்கு 10,950 நிமிடம், 182.5 மணி நேரம். 8 மணி நேர வேலை நாளாக மாற்றினால் 22.8 நாள். 319 ரூபாய் கூலியில் 7,277 ரூபாய். வாரம் ஒரு குவார்ட்டரும் நாளுக்கு அரை மணி நேர வீட்டு வேலையும் ஏறக்குறைய ஒரே எடை. வேறுபாடு 3 ரூபாய். எண்கள் தற்செயலாகப் பொருந்தின, அதற்குள் விதி எதுவும் இல்லை. ஆனால் முதலாவதைச் செலவு என்று எல்லோரும் எண்ணுகிறார்கள், இரண்டாவதை எந்த வீட்டிலும் எவரும் எண்ணுவதில்லை.

எண்ணினால் தெரிவது இது. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வில் 2019இல் ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்ணுக்கு 10 நிமிடம் குறைந்திருக்கிறது என்று மகிழ்வதற்குள் ஆணுக்கும் 9 நிமிடம் குறைந்திருப்பது கண்ணில் படும். இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 நிமிடம். ஐந்து ஆண்டில் 1 நிமிடம். இவை ஈடுபட்டவர்களின் சராசரி மட்டுமே. 2019இல் பெண்களில் 81.2 சதவீதத்தினரும் ஆண்களில் 26.1 சதவீதத்தினரும்தான் அப்படி ஈடுபட்டார்கள். அன்று ஒரு நிமிடமும் செய்யாத 73.9 சதவீத ஆண்களைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் அகலும்.

இங்கேதான் சின்னத் தீர்மானங்களின் பட்டியல் மீது எனக்கு ஒரு வலுவான கருத்து இருக்கிறது. மேலே சொன்னவற்றை ரூபாயிலும் கிராமிலும் எழுதினால் எல்லாம் நல்லவை. நிமிடத்தில் எழுதினால் அவை இரண்டாகப் பிரியும். சர்க்கரையைக் குறைக்க 0 நிமிடம். குவார்ட்டரைக் குறைக்க 0 நிமிடம். தனிக் குடம் கழுவி, ஒகேனக்கல் தண்ணீர் வரும் நேரத்துக்குக் காத்துப் பிடிக்க 10 நிமிடம் என்று வைப்போம். களி கிண்ட, சோறு வடிப்பதைவிடக் கூடுதலாக 15 நிமிடம். இவை நடந்தனவா என்று அன்றன்றைய கணக்கை எழுத 5 நிமிடம். சேர்த்து நாளுக்கு 30 நிமிடம். இந்த மூன்றும் வழக்கப்படி மனைவியிடம் போய்ச் சேர்ந்தால் 289 நிமிடம் 319 ஆகும், கணவனின் 88 அப்படியே நிற்கும், இடைவெளி 231. மூன்றையும் கணவன் எடுத்துக்கொண்டால் 289க்கு 118, இடைவெளி 171. தீர்மானம் ஒன்றே, பலனும் ஒன்றே. யார் செய்கிறார் என்பதில் நாளுக்கு 60 நிமிடம், ஆண்டுக்கு 365 மணி நேரம் மாறுகிறது. களிக் கோலைக் கணவன் பிடித்தால் கூடுதல் பலமும் உண்டு. அந்த வேலைக்குத் தோள்பலம்தான் வேண்டும்.

நீடிக்குமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்க உளவியலாளர் ஜான் நார்கிராஸ் 1980களின் பிற்பகுதியில் புத்தாண்டுத் தீர்மானம் எடுத்த 200 பேரைத் தொடர்ந்து பார்த்தார். ஒரு வாரத்தில் 77 சதவீதத்தினர் நின்றார்கள், ஒரு மாதத்தில் 55, ஆறு மாதத்தில் 40, இரண்டு ஆண்டில் 19. ஓர் எளிய கணக்கு: கணவன் நிற்பதும் மனைவி நிற்பதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால் ஆறு மாதத்தில் இருவரும் நிற்கும் வாய்ப்பு 0.4 × 0.4, அதாவது 16 சதவீதம். ஒருவராவது நிற்கும் வாய்ப்பு 64 சதவீதம். தொடர்பு உண்டு என்று இங்கிலாந்து எண்கள் சொல்வதால் 16 என்பது இதைவிட உயரும் என்று எதிர்பார்க்கலாம். எடுக்காமலே இருப்பது மேல் என்பவர்களுக்கு நார்கிராஸின் 2002 ஆய்வு உண்டு: தீர்மானம் எடுத்தவர்களில் ஆறு மாதத்தில் 46 சதவீதத்தினர் வென்றார்கள்; அதே மாற்றத்தை விரும்பியும் தீர்மானம் எடுக்காதவர்களில் 4 சதவீதத்தினர்.

2020இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் 1,066 பேர் கலந்துகொண்டார்கள். ஓர் ஆண்டுக்குப் பிறகு 55 சதவீதத்தினர் தாங்கள் வென்றதாகச் சொன்னார்கள். ஒன்றைச் செய்வேன் என்று எடுத்தவர்களில் 58.9 சதவீதம், ஒன்றைச் செய்ய மாட்டேன் என்று எடுத்தவர்களில் 47.1 சதவீதம், 11.8 சதவீதப் புள்ளி வேறுபாடு. ஏரியூர்ப் பட்டியலுக்கு இதில் நேரடிப் பயன் இருக்கிறது. குவார்ட்டர் வாங்க மாட்டேன் என்பதை, சனிக்கிழமை மாலை 140 ரூபாயை உண்டியலில் போடுவேன் என்று மாற்றி எடுக்கலாம். தொகை மாறாது, 7,280தான்.

பழக்கம் படிய எத்தனை நாள் என்பதற்கு லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் 2010 ஆய்வு 96 பேரிடமிருந்து விடை தருகிறது: நடுவெண் 66 நாள், குறைந்தது 18, அதிகம் 254. ஆய்வு நடந்தது 84 நாள் மட்டுமே, ஆகவே அந்த 254 வரைகோட்டை நீட்டிக் கணித்த மதிப்பு. தை 1, ஜனவரி 14 என்று வைத்து எண்ணினால் 18ஆம் நாள் ஜனவரி 31. 66ஆம் நாள் மார்ச் 20. 254ஆம் நாள் செப்டம்பர் 24. ஆடி 18, காவிரிக் கரை முழுக்கக் கூட்டம் கூடும் நாள், 202ஆவது நாளாக வருகிறது. தையில் தொடங்கியது ஆடிப்பெருக்கு வரை வந்திருந்தால் நடுவெண்ணை மும்மடங்கு தாண்டியாயிற்று. அதே சமயம் ஒரு சாராருக்கு அதற்குப் பிறகும் 52 நாள் பாக்கி இருக்கும்.

பணச் சேமிப்பில் தம்பதிகளைப் பற்றிப் பேசினால் கொச்சியின் விஜயன், மோகனா பெயர் வரும். 1963 முதல் டீக்கடை நடத்திய விஜயனும் மனைவியும் நாளுக்கு 300 ரூபாய் எடுத்துவைத்து, கடனும் வாங்கி, திரும்பி வந்து கடனை அடைத்து, 25க்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்தார்கள். விஜயன் 2021 நவம்பரில் காலமானார். நாளுக்கு 300 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,09,500 ரூபாய். அந்த எண்ணை ஏரியூரில் வைத்து யாரையும் ஊக்கப்படுத்துவது நியாயமாக இருக்காது. 319 ரூபாய் கூலியில் 300 ரூபாய் என்பது 94 சதவீதம். டீக்கடைக்கு ஆண்டு முழுக்க வியாபாரம் உண்டு. நூறு நாள் வேலைக்கு, பெயரே சொல்வதுபோல், 2024-25இல் இருந்தது 100 நாள். அந்த ஆண்டுக் கூலியில் முழுதும் கிடைத்தாலும் 31,900 ரூபாய்.

ஆகவே நாளுக்கு 10 ரூபாய். மாதம் 300 ரூபாயை அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கில் 6.7 சதவீத வட்டியில் 5 ஆண்டு போட்டால், கட்டியது 18,000 ரூபாய், கிடைப்பது சுமார் 21,410 ரூபாய். வட்டி மட்டும் 3,410 ரூபாய், 10.7 நாள் கூலி. ஆண்டுக்கு 3,600 ரூபாய் எங்கிருந்து வரும் என்றால், உண்டியலுக்குப் போன 7,280 ரூபாயில் பாதியே போதும். குடி இல்லாத வீட்டுக்கு இந்த வழி இல்லை. அங்கே மகளிர் உரிமைத் தொகையின் ஆண்டுக்கு 12,000 ரூபாயில் 30 சதவீதம் எடுக்க வேண்டியிருக்கும். அத்தொகைக்கான விண்ணப்ப முகாம்கள் 2023 ஜூலை 24 அன்று இதே மாவட்டத்துத் தொப்பூரில்தான் தொடங்கின; செப்டம்பர் 15 முதல் பணம் வந்தது. 12,000 ரூபாய் 37.6 நாள் கூலி. அது மனைவியின் கணக்கில் வரும் தொகை. அதிலிருந்து 30 சதவீதம் எடுக்கலாமா என்பதில் அவர் சொல்வதே முடிவாக இருக்க வேண்டும்.

சின்ன அளவுகள் நீண்ட காலத்தில் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு தம்பதி இருக்கிறார்கள். மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993இல் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் ஒரு கூரைக் குடிசையில் பழங்குடி நல மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். அப்போது அங்கே 1,000 குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் 147 குழந்தைகள் இறந்தன. உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போகவைத்து, கர்ப்பிணிகளையும் பச்சைக் குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்தார்கள். அந்த எண் சுமார் 20க்கு இறங்கியது. 1,000க்கு 127 குழந்தைகள் கூடுதலாக உயிரோடு இருக்கிறார்கள். 86 சதவீத வீழ்ச்சி. 30 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்குச் சராசரியாக 4.2. எந்த ஓர் ஆண்டிலும் செய்தித்தாளில் தலைப்பாக வரக்கூடிய எண் அல்ல 4.2.

சிட்லிங்கியின் 147 இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம் தொடக்கத்திலேயே ஒருவர் எண்ணி எழுதியதுதான். வீட்டுத் தீர்மானத்துக்கும் முதல் தேவை அந்த எழுத்து. இங்கே மாவட்டத்தின் இன்னொரு எண் குறுக்கே நிற்கிறது. 2011இல் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 சதவீதம், தமிழ்நாட்டில் கடைசி. ஆண்கள் 76.85, பெண்கள் 59.80, இடைவெளி 17.05 சதவீதப் புள்ளி. 10 பெண்களில் 4 பேர் குறிப்பேட்டில் எழுத முடியாத நிலையில் இருந்தார்கள். எழுதத் தெரிந்தவர் கணவன் மட்டும் என்றால் கணக்கும் அவர் பார்வையில்தான் நிற்கும்: ரூபாய் எழுதப்படும், நிமிடம் விடுபடும். பால் ஊற்றுகிறவர் சுவரில் கரிக்கோடு போட்டு மாதக் கணக்கு முடித்த ஊர்களில் இதற்கு எழுத்து தேவையில்லை. ஒகேனக்கல் தண்ணீர் நிறைந்த நாளுக்கு ஒரு கோடு, களி கிண்டிய நாளுக்கு ஒரு கோடு, உண்டியலில் 140 விழுந்த வாரத்துக்கு ஒரு கோடு. இவற்றை யார் வேண்டுமானாலும் போடலாம். கணவனின் 30 நிமிடத்துக்கான கோட்டை மட்டும் மனைவி போட வேண்டும்; 88 நிமிடம் 118 ஆனதா என்பது அந்த வீட்டில் அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.